கணக்குப் புலிகளுக்கான புத்தகம்: விடைப் பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

எங்கள் மகளுக்கு எட்டு வயது. வீட்டிலேயே படிக்கிறாள். கணக்கில் வயதை மீறி ஓடுகிறாள், ஆனால் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறாளோ அவ்வளவு வேகமாகச் சலித்தும் போகிறாள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அவளுக்காக நான்கு விதமான புத்தகங்களைப் பார்த்துவிட்டோம். நான் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வில் கடைசியில் அதுதான் முக்கியமாகிப்போனது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மேல்வகுப்புப் பாடநூல். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்றாம் வகுப்பை முடித்தாளா, நான்காவதை எடு என்று போனால், இரண்டே மாதத்தில் அதுவும் தீர்ந்துவிடும். எண்கள் பெரிதாகும், கணக்கின் குணம் மாறாது. ஈரிலக்கப் பெருக்கலைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு நாலிலக்கப் பெருக்கல் வெறும் கைவலி. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து கதைப் புத்தகங்கள். ஜெர்மன் எழுத்தாளர் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கர் 1997-இல் எழுதிய 'தி நம்பர் டெவில்' எங்கள் வீட்டில் அட்டை கிழியும் வரை படிக்கப்பட்டது. கணக்கை வெறுக்கும் ராபர்ட் என்ற சிறுவனின் கனவில் பன்னிரண்டு இரவுகள் ஓர் எண் பூதம் வருகிறது. பகா எண்கள், பாஸ்கல் முக்கோணம், ஃபிபொனாச்சி வரிசை எல்லாம் விளையாட்டாக வந்துவிடுகின்றன. பூதம் எல்லாவற்றுக்கும் சொந்தமாகப் பெயர் வைக்கும். பகா எண்களுக்கு 'பிரைமா டோனா' என்று பெயர். வெகுநாள் வரை மகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் திருத்தவில்லை. 'லைஃப் ஆஃப் ஃப்ரெட்' வரிசை வேறு மாதிரி. அதில் நாயகன் ஃப்ரெட் காஸ் ஐந்து வயதிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியர். அவன் அன்றாடப்பாட்டில் கணக்கு தேவைப்படும் இடங்களில் பாடம் வருகிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் சில கேள்விகள், அடுத்த பக்கத்திலேயே விடைகள். இரண்டுமே ஆசையைக் கிளப்பும். ஆனால் கைபடப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு எங்களுக்குப் போதவில்லை. படித்தது 'தெரியும்' என்ற நினைப்பைத் தந்துவிடுகிறது, அதுதான் கொஞ்சம் ஆபத்து.

மூன்றாவது, பழைய புதிர்த் தொகுப்புகள். போரிஸ் கோர்தெம்ஸ்கி தொகுத்த 'தி மாஸ்கோ பஸில்ஸ்' அவற்றில் ஒன்று, மொத்தம் 359 புதிர்கள். ஆங்கிலப் பதிப்பைச் செம்மை செய்தவர் மார்ட்டின் கார்ட்னர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் இதை மட்டும் வைத்துக் கணக்கைப் படிப்படியாகக் கட்டிக்கொண்டு போக முடியாது.

இப்போது நாங்கள் நிலைத்திருப்பது 'பீஸ்ட் அகாடமி'யில். ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வரிசை இது. குட்டி அரக்கர்கள் நான்கு பேர், அலெக்ஸ், க்ராக், லிஸ்ஸி, வின்னி, பள்ளியில் கணக்கு படிக்கிற படக்கதை ஒரு புத்தகம், அதற்கு இணையான பயிற்சிப் புத்தகம் தனியாக. கடினமான கணக்குகளுக்கு ஒரு நட்சத்திரம், மிகக் கடினமானவற்றுக்கு இரண்டு. படக்கதைதான் கண்ணைக் கவரும். என்னைக் கேட்டால், இதை வாங்க வேண்டிய காரணம் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

அங்கே முதலில் குறிப்புகள், அப்புறம் முழு விளக்கத்தோடு விடைகள். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் வீட்டில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லை. அப்பாவோ அம்மாவோ ஒன்று தாங்களே போட்டுக் காட்டிவிடுவார்கள், இல்லையென்றால் தெரியாமல் விழிப்பார்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன். வெறும் எண்ணை மட்டும் விடையாகத் தரும் புத்தகம் அந்த இடத்தில் எதற்கும் உதவாது. ஒரே மூச்சில் முழு வழியையும் போட்டு உடைக்கும் புத்தகம் யோசிக்கிற சுகத்தைப் பறித்துவிடும். நடுவில் ஒரு வரிக் குறிப்பு இருந்தால் பிள்ளை அதை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு ஓடிவிடும்.

விளக்கமான விடைக்கு இன்னொரு பயனும் உண்டு. மூன்றாம் நிலையின் இரண்டாம் பாகமான 3பி-யில் வர்க்க எண்களைப் பற்றிய அத்தியாயம் வருகிறது. 35 × 35-ஐ மகள் தன் வழியில், 35 × 30 = 1050, 35 × 5 = 175, ஆக 1225 என்று போட்டாள். விடை சரி. வெறும் '1225' என்றிருந்தால் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். ஐந்தில் முடியும் எண்ணை அதே எண்ணால் பெருக்க விளக்கத்தில் வேறொரு வழி இருந்தது: 30 × 40, கூட 25. ஏன் என்று தாளை வெட்டிப் பார்த்தோம். 35-க்கு 35 சதுரத்தில் ஓரமாக 5 அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதை மறுபக்கம் ஒட்டினால் 30-க்கு 40 செவ்வகம் கிடைக்கிறது, 5-க்கு 5 சின்னச் சதுரம் ஒன்று மிஞ்சுகிறது. உடனே 65-ஐப் போட்டாள்: 60 × 70, கூட 25, 4225. அப்புறம் அவளாகவே 34 × 36 போட்டு, 1224 வருவதைப் பார்த்து, "ஏம்ப்பா ஒண்ணே ஒண்ணு குறையுது?" என்றாள். அன்று பாடம் அதோடு நின்றது, மீதி நேரம் முழுக்க அந்த ஒன்றின் பின்னால் போனோம்.

குறைகளும் உண்டு. இரண்டு முதல் ஐந்து வரையுள்ள நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பாகம், பாகத்துக்கு இரண்டு புத்தகம், ஆக எட்டு. பயிற்சிப் புத்தகத்தில் நேரடியாக எழுதிவிட்டால் தம்பி தங்கைக்கு உதவாது, நாங்கள் நோட்டில் போடுகிறோம். ஆங்கிலச் சிலேடைகள் நிறைய, வாசிப்பு இன்னும் கைவராத பிள்ளைக்குக் கூட உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கும். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக வேண்டியவற்றுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பது நல்லது. சட்டென்று விடை வராவிட்டால் அழுதுவிடும் பிள்ளைக்கு இரட்டை நட்சத்திரம் எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது பிடிவாதக்காரி. நான்காம் நிலையைத் தாண்டியும் நாங்கள் இன்னும் போகவில்லை.

வாங்குவதென்றால், எந்த நிலை என்பதை வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதிப்பகமே தரும் நிலை அறியும் தேர்வைப் போடச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் கெட்டிக்காரி என்ற நினைப்பில் ஒரு நிலை மேலே தொடங்கி, மூன்று வாரத்தில் கீழே இறங்கினோம். 'நம்பர் டெவில்' எப்படியும் வாங்கலாம், இதற்கு அது போட்டி இல்லை. புதிர்த் தொகுப்பை வாங்கினால் விடைப் பக்கங்களைப் பிரித்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு கொடுக்கிற வேலை அப்போது உங்களுடையது, அதற்கு முதல் நாள் ராத்திரியே நீங்கள் அந்தப் புதிரைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.