விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனில் செட்டிங்ஸ்: எது நன்று, எங்கே இடறும்

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் கணக்கை விஎஸ் கோட் என்ற எடிட்டரில் கோப்பாக எழுதுபவர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) சதவீதத்தை அவரவரே மாற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான பேக்கேஜ் ஜேசனில் 'கான்ட்ரிப்யூட்ஸ்', அதற்குள் 'கான்ஃபிகரேஷன்', அதன் 'ப்ராப்பர்டீஸ்' பகுதியில் டைப் நம்பர், டீஃபால்ட் 35, மினிமம் 20, மேக்சிமம் 50, ஒரு வரி விளக்கம். அவ்வளவுதான், செட்டிங்ஸ் பக்கத்தில் பெட்டி தானாக வந்துவிடும். இதற்கே முழு மதிப்பெண் தரலாம்.

இடறும் இடம் வேறு. பெட்டியில் 500 போட்டால் தடுக்கும். செட்டிங்ஸ் சேமிக்கப்படும் கோப்பான செட்டிங்ஸ் ஜேசனில் நேரே எழுதினாலோ அடிக்கோடு மட்டும்தான். நிரலுக்கு 500 அப்படியே வந்து சேரும். வரம்பை நிரலிலும் சரிபாருங்கள்.

செட்டிங்ஸ் மதிப்பை நிரலில் வாங்க உதவும் 'கெட்கான்ஃபிகரேஷன்' தருவது அந்த நேரத்து நகல். தொடக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு மாற்றியது எட்டாது. செட்டிங் மாறும்போது எழும் 'ஆன்டிட்சேஞ்ச்கான்ஃபிகரேஷன்' நிகழ்வில் மறுபடி வாங்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்து எல்லாவற்றையும் ஒரே ஒர்க்ஸ்பேஸில் திறப்பவர்களுக்கு செட்டிங்கின் ஸ்கோப் (அது எந்த மட்டத்தில் செல்லும் என்பது) 'ரிசோர்ஸ்' ஆக இருக்க வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது 'விண்டோ', ஃபோல்டரில் வைத்த மதிப்பு எடுபடாது. மதிப்பை வாங்கும்போது கோப்பின் யூஆர்ஐயையும் (முகவரியையும்) கொடுங்கள்.

புல் ரிக்வெஸ்டில் (திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் நிரல் மாற்றத்தில்) புது செட்டிங் சேர்த்தால், டீஃபால்ட் பழைய நடத்தையையே தர வேண்டும்.