ரத்து செய்வதா, காத்திருப்பதா? ராயல் கரீபியன் ரத்து விதிகள் பற்றிய விமர்சனம்

க்ரூஸ் டிக்கெட்டை ரத்து செய்யும்போது எவ்வளவு பணம் திரும்பும் என்பது காரணத்தைப் பொறுத்தது அல்ல, தேதியைப் பொறுத்தது. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றாலும், போகிற வழியில் சண்டை மூண்டது என்றாலும், சும்மா மனசு மாறிவிட்டது என்றாலும் கட்டணம் ஒன்றுதான். கப்பல் கிளம்ப இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை மட்டும்தான் நிறுவனம் பார்க்கும். இது தெரியாமல் புயல் செய்தியையும் போர்ச் செய்தியையும் பார்த்துப் பதறி ரத்து செய்பவர்களும், அதே பதற்றத்தில் முடிவைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களும் பணத்தை இழக்கிறார்கள்.

ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கு வைத்திருக்கும் விதியை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 4 இரவுப் பயணம் என்றால் 75 நாளோ அதற்கு மேலோ இருக்கும்வரை ரத்துக் கட்டணம் கிடையாது. புக் செய்யும்போது கட்டும் டெபாசிட் மட்டும் தனிக்கதை, அது பின்னால் வருகிறது. 74 முதல் 61 நாளுக்குள் ரத்து செய்தால் 50 சதவீதம் போய்விடும். 60 முதல் 31 நாளுக்குள் 75 சதவீதம். 30 நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் கட்டணம் முழுதும் போய்விடும். 5 இரவும் அதற்கு மேலும் போகிற பயணங்களுக்கு 90 நாள்வரை இலவசம், 89 முதல் 75 வரை 25 சதவீதம், அதற்குப் பிறகு மேலே சொன்ன அதே படிகள். சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ புக் செய்திருந்தால் உங்கள் இன்வாய்ஸில் அச்சாகியிருக்கும் எண்கள்தான் உங்களுக்கானவை. கணக்குப் போடும் முறை மாறாது.

விதி ஒரே பக்கத்தில், குழப்பமில்லாமல் இருக்கிறது. அதற்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் குறைந்த நாள் பயணக்காரர்களுக்கு இது கடுமையானது. நீண்ட பயணம் போகிறவருக்கு 25 சதவீதப் படி ஒன்று இருக்கிறது. நான்கு இரவுக்காரர் 75ஆம் நாள் இரவு தூங்கி 74ஆம் நாள் காலை எழுந்தால் பாதிப் பணம் போயிருக்கும். முதல் தடவை கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது இந்த மூன்று, நான்கு இரவுப் பயணங்களைத்தான் என்பதால் இது நியாயமாகப் படவில்லை.

இன்வாய்ஸை எப்படிப் படிப்பது? கட்டணம் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று நான்கு வரிகள் இருக்கும். முதலாவது க்ரூஸ் கட்டணம். அடுத்து 'என்சிஎஃப்' அல்லது 'நான் கமிஷனபிள்' என்று ஒரு வரி வரும். பெயரைப் பார்த்து இதை வரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வரி அல்ல. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தராமல் நிறுவனம் ஒதுக்கிக்கொள்ளும் கட்டணப் பகுதி. ரத்து செய்தால் இதுவும் கட்டணத்தோடு சேர்ந்தே வெட்டப்படும். மூன்றாவது துறைமுகக் கட்டணமும் அரசு வரிகளும். இவை மட்டும் கடைசி நாளில் ரத்து செய்தாலும் திரும்ப வரவேண்டியவை. முன்கூட்டியே கட்டிய டிப்ஸ், குடிபானப் பேக்கேஜ், வைஃபை, கரைச் சுற்றுலா ஆகியவை தனி. அவையும் பொதுவாக முழுசாகத் திரும்பும். ஆனால் சில நிறுவனங்களில் அவற்றை நீங்களே தனியாக ரத்து செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கு. இருவருக்கு நான்கு இரவு, க்ரூஸ் கட்டணம் 1,36,000 ரூபாய், துறைமுகக் கட்டணமும் வரியும் 24,000, மொத்தம் 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். 74 முதல் 61 நாளுக்குள் ரத்து செய்தால் 68,000 போகும், 92,000 கைக்கு வரும். 60 முதல் 31 நாளுக்குள் என்றால் 1,02,000 போகும், 58,000 வரும். 30 நாளுக்குள் வந்துவிட்டால் 24,000 மட்டும்தான் வரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 62ஆம் நாளுக்கும் 61ஆம் நாளுக்கும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. 61க்கும் 60க்கும் 34,000 வித்தியாசம். அதனால் தினமும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. முடிவெடுக்க வேண்டியவை மூன்றே நாள்கள். ஜனவரி 20 அன்று கப்பல் கிளம்புகிறது என்றால் நவம்பர் 6 (75ஆம் நாள்), நவம்பர் 20 (61ஆம் நாள்), டிசம்பர் 20 (31ஆம் நாள்). இந்த மூன்றையும் நாள்காட்டியில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு நாள் எதற்கு என்றால், கெடு முடிவது நிறுவனத்தின் அலுவலக நேரப்படி. ஏஜென்ட் மூலம் புக் செய்திருந்தால் அவருடைய ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் குறுக்கே வரும்.

அந்த நாளில் கேட்க வேண்டிய கேள்வி, 'கப்பல் நிறுவனமே இந்தப் பயணத்தை ரத்து செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?' என்பதுதான். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். நீங்கள் ரத்து செய்தால் மேலே சொன்ன வெட்டு விழும். எப்படியும் போகப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட ஒருவர் 61ஆம் நாள் ரத்து செய்தால் 68,000 இழப்பு உறுதி. காத்திருந்து, நிறுவனமும் ரத்து செய்யாவிட்டால் 1,02,000 இழப்பு. நிறுவனம் ரத்து செய்ய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் காத்திருப்பது லாபம். 31ஆம் நாளில் அந்த எல்லை நான்கில் ஒரு பங்காகக் குறையும். 75ஆம் நாளில் காத்திருப்பதில் லாபமே இல்லை. கர்ப்பிணி ஒருவர் பயணத்தின்போது 24 வாரம் எட்டிவிடுவார் என்றால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். அவருக்கு 75ஆம் நாளே முடிவு நாள்.

30 நாளுக்குள் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதற்குப் பிறகு அவசரப்பட்டு ரத்து செய்வதில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. கடைசி நாள்வரை பொறுத்திருந்தாலும் இழப்பு அதேதான். இடையில் நிறுவனமே ரத்து செய்தால் 1,60,000மும் திரும்பும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த முப்பது நாளுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் நிறுவனங்கள் அவ்வளவு சீக்கிரம் ரத்து செய்வதில்லை, பாதையைத்தான் மாற்றுவார்கள். ஒப்பந்தத்தில் எந்தத் துறைமுகத்தையும் விடவும், வேறொன்றைச் சேர்க்கவும், நேரத்தை மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு. விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணம் மட்டும் திரும்பும், அதுவும் பல சமயம் கப்பலிலேயே செலவழிக்கும் கிரெடிட்டாக. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் அங்கே பயணிகளை இறக்காமலே திரும்பியது. பயணம் ரத்தாகவில்லை. 'ஒரு ஊரைப் பார்க்கத்தான் போகிறோம், அந்த ஊர் இல்லையென்றால் எதற்கு' என்று நினைப்பவர்கள் இதை முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புயல் வந்தாலும் இதே கதைதான். கப்பலுக்கு நகர முடியும், புயலைச் சுற்றிப் போய்விடும்.

அப்படியானால் எப்போது உண்மையிலேயே ரத்து செய்வார்கள்? கிளம்பும் துறைமுகமே மூடும்போது, அரசு தடை போடும்போது, கப்பல் பழுதாகும்போது, கப்பலை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நகர்த்தும் பயணத்தில் பாதை அடைபடும்போது. செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு எம்எஸ்சி நிறுவனம் 2024 ஏப்ரலில் ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டிய மூன்று கப்பல்களின் பயணங்களை ஜனவரியிலேயே ரத்து செய்தது. அப்படிப்பட்ட இடம்மாற்றும் பயணத்தில் புக் செய்திருந்தால் காத்திருக்கலாம். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்ச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

2020 மார்ச்சில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கோவிட் பரவத் தொடங்கியதும் ராயல் கரீபியன் 48 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம் என்று விதியைத் தளர்த்தியது. அப்படித் தாங்களாக ரத்து செய்தவர்களுக்குப் பணம் வரவில்லை, அடுத்த பயணத்துக்கான கிரெடிட்தான் வந்தது. மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்கள் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தச் சமயத்தில் நிறுவனமே ரத்து செய்த பயணங்களுக்கு 125 சதவீத கிரெடிட், வேண்டாம் என்றால் முழுப் பணம் என்று இரண்டு வாய்ப்பு கிடைத்தது. சில நாள் வித்தியாசத்தில் ஒரே கப்பலின் பயணிகள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள்.

கிரெடிட்டா, பணமா என்று கேட்டால் பணத்தையே வாங்குங்கள். 25 சதவீதம் கூடுதல் என்பது கண்ணைக் கவரும். ஆனால் கிரெடிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, பொதுவாகக் கட்டணத்துக்கு மட்டும் செல்லும், துறைமுகக் கட்டணத்துக்குச் செல்லாது. இன்னொரு ஆபத்து பெரியது. ட்ரீம் க்ரூஸஸ், ஸ்டார் க்ரூஸஸ், க்ரிஸ்டல் மூன்றையும் நடத்திய கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து ஓடிய வேர்ல்ட் ட்ரீம் மார்ச் தொடக்கத்தில் கடைசிப் பயணத்தை முடித்தது. நிறுவனம் விழுந்தால் கிரெடிட் வைத்திருப்பவர், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையின் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

டெபாசிட் விஷயத்தில் ராயல் கரீபியனுக்குக் குறைந்த மதிப்பெண்தான். இணையத்தில் முதலில் காட்டும் மலிவான விலை பெரும்பாலும் திரும்பாத டெபாசிட்டோடு வரும். 75 நாளுக்கு முன்னால் ரத்து இலவசம் என்று நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதில் தேதியையோ கப்பலையோ மாற்றினாலும் ஆளுக்கு 100 டாலர் மாற்றுக் கட்டணம் உண்டு. சூழ்நிலை நிச்சயமில்லாத காலத்தில் கொஞ்சம் அதிகம் கொடுத்துத் திரும்பும் டெபாசிட்டை எடுப்பதே சரி.

இருவரில் ஒருவர் மட்டும் போக முடியாத நிலை வந்தால் கவனம். அவர் பெயரை ரத்து செய்தால் கேபினில் ஒரே ஆள் என்று கணக்கிட்டு, மீதமுள்ளவரிடம் இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். 30 நாளுக்குள் என்றால் அந்தப் பெயரைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. வராதவர் என்று பதிவாகும், அவருடைய துறைமுகக் கட்டணமும் வரியும் பிறகு திரும்பும். மூன்றாவது, நான்காவது ஆளாக அதே கேபினில் இருப்பவரை ரத்து செய்வதில் இந்தச் சிக்கல் இல்லை.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியில் 'பயண ரத்து' பகுதியைத் திறந்து பாருங்கள். சாவு, மருத்துவமனை அனுமதி போன்ற சில காரணங்கள் மட்டும் பெயர் சொல்லி எழுதியிருக்கும். பயம் அதில் இருக்காது. போர் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற வகைப் பாலிசி அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அதுவும் 50 முதல் 75 சதவீதம்தான் தரும். முதல் டெபாசிட் கட்டிய சுமார் 14 முதல் 21 நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும், 48 மணி நேரம் முன்னதாக ரத்து செய்திருக்க வேண்டும்.

விமான டிக்கெட்டை மறக்காதீர்கள். க்ரூஸ் நிறுவனம் ரத்து செய்தாலும் நீங்கள் தனியாக எடுத்த சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு அது பொறுப்பேற்காது. இந்தியாவில், திரும்பாத கட்டண டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. கேட்டு வாங்குங்கள்.

ரத்து செய்வதென்று முடிவானால் ஃபோனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். மின்னஞ்சலில் புக்கிங் எண், கப்பல் பெயர், கிளம்பும் தேதி, எல்லாப் பயணிகளின் பெயர், 'இன்றைய தேதியில் ரத்து செய்யவும்' என்ற ஒரு வரி, திரும்ப வரவேண்டிய தொகை ஆகியவற்றை எழுதி அனுப்பி, ரத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் கப்பல் நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பேசாது. ஏஜென்ட்டின் சேவைக் கட்டணமும் அவருடைய ரத்துப் படிகளும் நிறுவனத்துடையதைவிடக் கடுமையாக இருக்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறுவனம் ரத்து செய்தும் பணம் வராமல் இழுத்தடித்தால், கார்டில் கட்டியவர்கள் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி, கேட்கலாம். பயணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். நீங்களே ரத்து செய்த பயணத்துக்கு இது பலிக்காது. இந்திய ஏஜென்ட் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு வசூலித்த டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) ஏஜென்ட்டிடமிருந்து திரும்பாவிட்டாலும் உங்கள் பான் எண்ணில், வருமான வரித் துறையின் பதிவில் ஏறியிருக்கும். அதை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.