மாட்டுத் தண்ணீருக்கு எது நல்லது: பிளாஸ்டிக் டிரம்மா, மண் தொட்டியா, சிமெண்ட் உறையா?

சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் தாண்டி இருக்கும் எங்கள் கொட்டகைக்கு இன்னும் கரண்ட் லைன் வரவில்லை. மூன்று ஜெர்சி கலப்பின மாடுகள், ஒரு கன்று, ஒரு அடி பம்பு. மற்ற மாதங்களில் கரண்ட் இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது, ஏப்ரல் பிறந்தால்தான் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு கத்திரி மதியம் எங்கள் மாடு லட்சுமி, டிரம்மில் வாயை வைத்து, உதடு நனைந்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. கையை விட்டுப் பார்த்தேன், குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. தாகத்தில் நாக்கு தொங்குகிறது, ஆனால் குடிக்க மாட்டேன் என்கிறது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான், கறவையில் இருக்கும் கலப்பின மாடு கோடையில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். தண்ணீர் குறைந்தால் சாயங்காலக் கறவையிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கும் தெரிந்தது.

அதன் பிறகு மூன்று விதமான தொட்டியையும் வைத்துப் பார்த்தோம். நிழல் வேண்டும், தென்னங்கீற்றுப் பந்தல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. பந்தல் இல்லாமல் எந்தத் தொட்டியை வைத்தாலும் வீண்.

முதலில் பிளாஸ்டிக் டிரம். நீல டிரம்மை நீளவாக்கில் அறுத்துப் போட்டால் வேலை முடிந்தது. விலை குறைவு, ஒரே ஆள் தூக்கி நகர்த்தலாம், கவிழ்த்துக் கழுவலாம். வாடகை இடத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் சுவர் மெல்லிசு, வெளிச் சூடு அப்படியே உள்ளே இறங்கிவிடும், பந்தலுக்கு அடியில் இருந்தாலும் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். நாளைக்கு மூன்று முறை மாற்றி ஊற்ற ஆள் இருந்தால் போதும், சமாளிக்கலாம். எங்களிடம் அந்த ஆள் இல்லை.

மண் தொட்டி குளிர்ச்சியில் எல்லாவற்றையும் மிஞ்சியது, இதை மறைக்க விரும்பவில்லை. பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்குமோ அதே கதைதான். நுண்ணிய துளைகள் வழியாகக் கசிந்து, வெளியே ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் 100 லிட்டரில் ஏறக்குறைய 6 டிகிரி இறக்கும் அளவுக்குச் சூடு போய்விடும். காலையில் மேல்காற்று வறட்சியாக அடிக்கும்போது அருமையாக வேலை செய்யும். மதியம் கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வந்ததும் ஆவியாவது மந்தமாகிவிடும்.

ஆனால் எங்கள் முடிவு குளிர்ச்சியை வைத்து எடுத்தது இல்லை, கழுவுவதை வைத்து எடுத்தது. வாங்குவதற்கு முன்னால் யாரும் இதை யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மாடு குடிக்கும்போது எச்சில், வாயில் ஒட்டிய தவிடு, வைக்கோல் துணுக்கு எல்லாம் தண்ணீரில் விழும். இந்தச் சூட்டில் இரண்டே நாளில் சுவரில் வழவழவென்று பச்சைப் பாசி, நாலைந்து நாள் விட்டால் கொசுப் புழு நெளியும். பாசி வாடை வந்த தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும், அது எவ்வளவு சில்லென்று இருந்து என்ன பயன்? மண் தொட்டியில் பாசி அந்தத் துளைகளுக்குள்ளேயே வேர் பிடித்ததுபோல் உட்கார்ந்துவிடுகிறது. தென்னை விளக்குமாற்றால் தேய்த்தால் மேலாகப் போகும், மறுநாளே திரும்ப வரும். சுண்ணாம்பு அடித்தால் பாசி வருவது நிற்கும்தான், ஆனால் துளையும் அடைபடும், அப்புறம் அது மண் தொட்டியே இல்லை. எங்கள் பம்பில் வருவதோ உப்புத் தண்ணீர், வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து மே முடிவதற்குள் கசிவே பாதியாகிவிட்டது. நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு கோடைதான். நல்ல தண்ணீர் வரும் இடத்தில் இன்னும் நாள் தாங்கலாம். எங்களுடையது கன்று முட்டியதில் விளிம்பு உடைந்து போனது.

இப்போது இருப்பது சிமெண்ட் உறை, கிணற்றுக்கு இறக்குவதுதான். மூன்று அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள உறை ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இரண்டை அடுக்கி, இணைப்பில் கலவை பூசி, அரை அடி மண்ணுக்குள் இறக்கி, அதற்கு மேல் ஒரு அடிக்குச் சுற்றிலும் மண் அணைத்திருக்கிறோம். பனி கொட்டும் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்க இதேபோல் தொட்டியைச் சுற்றி மண் அணைப்பார்கள், நமக்கு அதுவே சூடு ஏறாமல் காக்கிறது. விடியற்காலை நான்கரைக்கு அடி பம்பில் அடித்து நிரப்பினால் 400 லிட்டரும் கனமான சுவரும் சேர்ந்து சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். மதியம் கை விட்டால் சில்லென்று இருக்காது, ஆனால் மாடு தலையைத் தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும், அந்தச் சத்தம் போதும் எனக்கு.

கழுவுவது இதில்தான் சுலபம். அடியில் இரண்டு அங்குலக் குழாய் வைத்து மூடி போட்டிருக்கிறோம். தினமும் விடியலில் மூடியைத் திறந்தால் பழைய தண்ணீர் சரிவில் ஓடி கோ-4 தீவனப் புல் பாத்திக்குப் போகும், அது ஓடும்போதே விளக்குமாற்றால் ஒரு சுற்று தேய்த்துவிட்டால் பத்து நிமிட வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, ஒருமுறை அலசி நிரப்புவோம். பாசியும் கிடையாது, புழுவும் கிடையாது. முதல் வருடம் என் மச்சான் ஓட்டை எதற்கு, வாளியால் இறைத்துக்கொள்ளலாம் என்றான், அப்படியே விட்டோம். ஒரு வாரம் இறைத்தோம். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் நான்கு நாளுக்கு ஒருமுறை. அந்த மாதம் சிமெண்ட் தொட்டியும் மண் தொட்டி மாதிரியே நாறியது.

குறைகளும் உண்டு. வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது, இடம் மாறினால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், விற்கவும் முடியாது. புதுத் தொட்டியில் சிமெண்டின் காரம் இறங்கும், அதனால் ஒரு வாரம் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகுதான் மாட்டுக்கு விட்டோம். இணைப்பு எத்தனை வருடம் கசியாமல் இருக்கும் என்பதை எங்கள் இரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

உறை வாங்கப் போகிறவர்கள், அடி உறையில் குழாய்க்கான ஓட்டையை வார்க்கும்போதே விடச் சொல்லுங்கள். நாங்கள் பின்னால் உளி வைத்தோம், விரிசல் விட்டு அந்த உறையையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.