நேர்காணல் முடிந்த பிறகு: மெயிலா, போனா, நேரில் போவதா?

காரைக்குடிப் பக்கம் படித்து முடித்தவர்களுக்கு நேர்காணல் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வரும். சென்னை ஐடி கம்பெனி ஒன்று. உள்ளூர்ப் பள்ளியோ, கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் ஹோட்டலோ இரண்டாவது. மூன்றாவது, வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி மாதிரியான அரசு நிறுவனம். மூன்றுக்கும் ஒரே மாதிரி தயாராகி, முடிந்ததும் ஒரே மாதிரி "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டுத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தயாராவதில் பெரிய குழப்பம் இல்லை. யூடியூப் பார்த்துப் பதில்களை மனப்பாடம் செய்வதைவிட, வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லி வாய்விட்டுப் பதில் சொல்வதே மேல். "புராஜெக்டில் நீ செய்தது எது, கூட்டாளி செய்தது எது?" என்ற ஒரு குறுக்குக் கேள்வி போதும், மனப்பாடம் கலைந்துவிடும். ஹோட்டல் என்றால், ஆத்தங்குடித் தரைக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதால்தான் அந்தப் பளபளப்பு என்பதை வெளிநாட்டு விருந்தினருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். அரசு நிறுவனத்துக்கு அசல் சான்றிதழும் நகல்களும் வரிசையாக இருக்க வேண்டும். சென்னையில் காலை நேர்காணல் என்றால் காலையில் கிளம்பும் பல்லவன் ரயிலை நம்ப வேண்டாம். அது எழும்பூர் சேரவே மதியமாகிவிடும். முந்தின இரவே கிளம்புங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஐடி கம்பெனிக்கு மெயில்தான் சரி. அன்று மாலையோ மறுநாளோ, அவர்கள் அனுப்பிய அழைப்பு மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள். பெயர், பதவி, நேர்காணல் தேதி, நன்றி, அங்கே பேசிய ஒரு விஷயம் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான். முடிவு சொல்வதாகச் சொன்ன நாள் தாண்டிய பிறகு ஒரு நினைவூட்டல் போடலாம். அந்த நாள் எது என்பதை அறையை விட்டு எழும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும். கல்லூரி வழியாக வந்த நேர்காணல் என்றால் பிளேஸ்மென்ட் அலுவலரைத் தாண்டிப் போகாதீர்கள்.

உள்ளூரில் இதே மெயில் படிக்கப்படாமலே கிடக்கலாம். இங்கே போன்தான் வேலை செய்யும். பள்ளித் தாளாளரை மாலையில் பள்ளி விட்டதும் கூப்பிடுங்கள். ஹோட்டலை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாதீர்கள். பதில் இழுத்துக்கொண்டே போனால் ஒரு முறை நேரில் போய்க் கேட்பதில் தப்பில்லை. சென்னை கம்பெனி வாசலில் அப்படிப் போய் நின்றால் செக்யூரிட்டியோடு சரி. வாட்ஸ்அப்? அவர்கள் அதில் பேச ஆரம்பித்திருந்தால் மட்டும். வெறும் "ஹாய் சார்" அனுப்பிவிட்டு நீல டிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல் வீண் வேலை வேறில்லை.

"நம்ம ஊர் ஆச்சியிடம் சொல்லி ஒரு வார்த்தை" என்ற வழியும் உண்டு. தனியார் இடத்தில், உங்களை உண்மையிலேயே தெரிந்தவர் சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கும். அரசுப் பணியில் அது ஆபத்து. சிபாரிசு பிடித்தால் தகுதி போய்விடும் என்று பல விளம்பரங்களிலேயே போட்டிருப்பார்கள். அங்கே நேர்காணலுக்குப் பின் செய்ய வேண்டியது, இணையதளத்தில் முடிவு வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே.

வேறிடத்தில் வேலை உறுதியாகிவிட்டால், நீங்கள் பதிலுக்குக் காத்திருந்த மற்ற இடங்களுக்கும் சொல்லிவிடுங்கள். கம்பெனிக்கு இரண்டு வரி மெயில், உள்ளூருக்கு ஒரு போன்.