லேசரா, கண் ஊசியா?

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நெடுநாள் கட்டுக்குள் இல்லாதபோது விழித்திரையில் முளைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் எளிதில் உடைந்து கசிவதால், அவற்றை அடக்க லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ தேவைப்படுகிறது. லேசர் சில அமர்வுகளில் முடிந்து பல ஆண்டுகள் பலன் தந்தாலும், விழித்திரையின் ஓரங்களைச் சுட்டுத் தழும்பாக்குவதால் பக்கவாட்டுப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையக்கூடும். ஊசி அந்த ஓரங்களைக் காக்கிறது; விழித்திரையின் மையம் வீங்கி, நேர்கோடுகள் நெளிந்து தெரிபவருக்குப் பெரும்பாலும் அதுவே முதல் தேர்வு. (மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால், அஞ்சுமளவுக்கு அது வலிப்பதில்லை.) ஆனால் தொடக்கத்தில் மாதந்தோறும் போட வேண்டிய ஊசியை இடையில் நிறுத்தினால் குழாய்கள் மீண்டும் வளர்ந்துவிடலாம் என்பதால், தவறாமல் வர இயலாதவருக்கு லேசரே பாதுகாப்பானது என்பேன்.