சர்க்யூட் போர்டுக்கு எச்ஏஎஸ்எல்லா (HASL) எனிக்கா (ENIG), எந்த ஃபினிஷ் போடலாம்? ஃபினிஷ்னா போர்டு காப்பர் கெடாம, சால்டர் நல்லா புடிக்க மேல போடுற பூச்சு.
சேகோ ஆலை மோட்டார் கண்ட்ரோலர், பவர்லூம் டைமர்னு பெரிய பெரிய த்ரூஹோல் (ஓட்டைல கால் சொருகி சால்டர் பண்ற) பார்ட்ஸ் வச்சு போர்டு பண்றீங்களா, யோசிக்காம எச்ஏஎஸ்எல் போடுங்க, உருகின சால்டர்ல போர்ட முக்கி சூடான காத்தால மிச்சத்த வழிச்சு விடுறாங்க அவ்ளோதான், ரேட்டு கம்மி, சால்டர் நல்லா புடிக்கும், ரீவொர்க்கும் ஈஸி. ஆனா பேடு, அதாவது பார்ட்ஸ சால்டர் பண்ற காப்பர் இடம், சமமா இருக்காது, மேடு தட்டும். பிஜிஏ, க்யூஎஃப்என் மாதிரி அடிப்பக்கத்துல சால்டர் ஆகுற ஐசி வந்தா அங்கதான் தலைவலி.

எனிக்ல காப்பர் மேல 3-6 மைக்ரான் நிக்கல், அதுக்கு மேல 0.05 மைக்ரான் கிட்ட தங்கம், மட்டமா இருக்கும். தங்கம்னதும் சேலம் செவ்வாய்ப்பேட்டைல குடுத்து உருக்கிடலாம்னு கனவு காணாதீங்க 😄 நிக்கல் ஆக்சைடு ஆகாம காக்குறது மட்டுந்தான் அதோட வேலை, சால்டர் பண்ணும்போது கரைஞ்சு போயிடும், ஜாயிண்ட் உக்கார்றது நிக்கல் மேலதான். ப்ராசஸ்ல கோட்டை விட்டா நிக்கல் அரிச்சு பிளாக் பேட்ங்கிற கோளாறு வரும், வெளிய பாத்தா தெரியாது, ஒருநாள் ஜாயிண்ட் பட்டுனு விட்டுடும்.

ஏற்காடு காபி எஸ்டேட்ல மாட்டுற சென்சார்னா, அந்த பனிக்கும் ஈரத்துக்கும் என் ஓட்டு எனிக்குக்கு, ஆனா மேல கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாம முழு போர்டு மேலயும் அடிக்கிற மெல்லிய பூச்சு) அடிக்காம ரெண்டுமே தாங்காது. யூரோப்புக்கு எக்ஸ்போர்ட்னா ஈயம் கலந்த எச்ஏஎஸ்எல் பொதுவா ஆகாது, லெட் ஃப்ரீனு சொல்லி கேளுங்க.