எல்லா லேம்ப்புக்கும் பாஸ் போடும் டெஸ்டர்

அம்பாசமுத்திரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, அந்த பேக்லைட் டெஸ்டர் இன்னும் ஓடுதா? நானும் ஒண்ணு செய்யலாமான்னு பாக்கேன்." பழைய மானிட்டர் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற லேம்ப் நல்லதா செத்ததா என்று பார்க்க நானே செய்த பெட்டி அது. ஓடுகிறது. எனக்கு அதன் மேல் இருக்கும் கோபம் ஓடாததால் வந்ததில்லை.

செய்த விதத்தில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. காயலான் கடையில் கிடந்த பழைய ஸ்கேனரிலிருந்து கழற்றிய ஒற்றை லேம்ப் இன்வெர்ட்டர் (12 வோல்ட்டை லேம்ப்புக்கு வேண்டிய ஹை வோல்டேஜாக மாற்றுகிற சின்ன போர்டு), ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர், நடுவில் ஒரு ஃபியூஸ், வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்ச். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸுக்குள் அடங்கிவிட்டது. பெல் சுவிட்ச் போட்டதற்குக் காரணம் உண்டு. லேம்ப் மாட்டாமல் இன்வெர்ட்டரைச் சும்மா ஓடவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே பொறி தட்டிப் போய்விடும். கையை எடுத்தால் அணைகிற சுவிட்ச் அதற்குத்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த மானிட்டர்களில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழல் லேம்ப்பை சிசிஎஃப்எல் என்பார்கள். அதில் டியூப்லைட்டில் இருப்பது போல இழை கிடையாது. முனைக்கு ஒரு வயர், அவ்வளவுதான். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல லேம்ப்பும் செத்த லேம்ப்பும் ஒன்று போலவே ஓப்பன் காட்டும். பற்றவைக்க 1000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பற்றிய பிறகு 600, 700 வோல்ட்டில் சில மில்லி ஆம்ப் கரண்டை மட்டும் இழுத்துக்கொண்டு எரியும். எடைமேடைகளிலும் ரைஸ் மில் பில் கவுண்டர்களிலும் இன்னும் அந்தப் பழைய 17 இன்ச் சதுர மானிட்டர்கள்தான் இருக்கின்றன. ஆன் செய்தால் படம் வரும், இரண்டு விநாடியில் இருட்டாகிவிடும், டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். லேம்ப் போயிற்றா, இன்வெர்ட்டர் போயிற்றா? முன்பெல்லாம் இதற்காக இன்னொரு மானிட்டரைப் பிரிக்க வேண்டும். டெஸ்டர் வந்த பிறகு பேனலைக்கூடப் பிரிப்பதில்லை. ஓரத்தில் வருகிற லேம்ப் வயரைப் பிடுங்கி இதில் சொருகினால் போதும். முதல் தடவை பளிச்சென்று வெள்ளையாக எரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி வயிற்றெரிச்சல். இந்த டெஸ்டர் யாரையும் ஃபெயில் ஆக்க மனசு வராத வாத்தியார். மானிட்டரில் இருக்கிற இன்வெர்ட்டர் ஒவ்வொரு லேம்ப்பும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கண்காணிக்கும். உள்ளே இருக்கிற நான்கு லேம்ப்பில் ஒன்று அளவு தப்பினால் நான்கையும் சேர்த்து அணைத்துவிடும். ஸ்கேனர் இன்வெர்ட்டரில் அந்தக் காவலே இல்லை. முனை கறுத்து, ஆயுள் முடியப்போகிற லேம்ப்பையும் விடாப்பிடியாக எரித்துக் காட்டும். பக்கத்துக் கடைக்காரர் இதை இரவல் வாங்கிப் போய்விட்டு மறுநாள் வந்து நின்றார்: "என்ன வே, உம்ம பெட்டியில ஜம்முனு எரியுது, மாட்டுனா அணைஞ்சு போவுது?" அவருக்கு என்ன பதில் சொல்ல?

இதற்கு நான் கண்ட வழி, கொஞ்ச நேரம் எரியவிடுவது. அதற்காகப் பெல் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் சாதா சுவிட்ச் ஒன்றும் போட்டேன். நல்ல லேம்ப் சூடேறச் சூடேற வெளிச்சம் கூடும். போகப்போகிற லேம்ப்பில் முனைப் பக்கம் இளஞ்சிவப்பு நிறம் தட்டும். சிலது எரியும்போதே நெளியும். அப்புறம் லேம்ப்பிலிருந்து திரும்பி வருகிற வயரில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் ஒரு 4148 டையோடு, சின்ன கண்டென்சர் சேர்த்தேன். மீட்டரை டிசியில் வைத்துக் கண்டென்சரில் பார்த்தால் கரண்ட்டுக்கு ஏற்ற வோல்ட் தெரியும். நல்ல லேம்ப் காட்டுகிற அளவை பாக்ஸ் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே விழுந்தால் சந்தேகம்தான். ஒன்று: மீட்டரை ஹை வோல்டேஜ் வருகிற பக்கத்து வயரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். அந்த வயர் ஒரு சாணுக்கு மேல் நீளவும் கூடாது. நீண்டால் கரண்ட் வழியிலேயே கசியும், நல்ல லேம்ப்பும் மங்கலாகத் தெரியும். ஐப்பசி மழையில் போர்டில் ஈரம் ஏறினால் 'உஸ்' என்று சத்தமும் ஒரு நெடியும் வரும். அன்றைக்குத் தொடவே மாட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் கடையில் இதைவிட லாபமாக நான் செய்த சாமான் எதுவும் இல்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். புதிய மானிட்டர் எல்லாம் எல்இடி. இதை எல்இடி ஸ்ட்ரிப்பில் மாட்டினால் ஸ்ட்ரிப் செத்துவிடும். அதற்கு வேறு டெஸ்டர் வேண்டும். சிசிஎஃப்எல் லேம்ப் தேடினாலும் சரியான நீளத்தில் கிடைப்பது குதிரைக் கொம்பு. இனி எத்தனை எடைமேடை மானிட்டர் வந்துவிடப்போகிறது? அவர் என் பேச்சைக் கேட்கவில்லை, ஸ்கேனர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னுடையதைத் தருவீரா என்றும் கேட்டார். தரமாட்டேன்.